பில்டு ஓடிவிட்டது, மைக்ரோகோடு ஏறியதா?

ஒருமுறை ஃபர்ம்வேர் (போர்டைத் துவக்கும் மென்பொருள்) பில்டு சுத்தமாக முடிந்தது, போர்டும் பூட் ஆனது. ஆனால் மைக்ரோகோடு (ப்ராசஸரின் உள் இயக்கத்தைத் திருத்த அதற்குள் ஏற்றும் கோடு) பதிப்பெண்ணைப் படித்தால் பூஜ்யம். அதை ஏற்றும் லோடர் கோடை அரை நாள் குடைந்தபின்தான் பைனரியை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தேன். முதல் நான்கு பைட்டுகள் 00 00 00 01. இருக்க வேண்டியது 01 00 00 00!

இன்டெல் மைக்ரோகோடு சில சமயம் உரைக் கோப்பாகக் கைக்கு வரும்: 32 பிட் எண்கள், நடுவே காற்புள்ளி, மேலே குறிப்புரை. அந்த எண்களை இடமிருந்து வலமாக அப்படியே பைட்டாக்கினால் நான்கு நான்காகத் தலைகீழாகிவிடும். இன்டெல் ப்ராசஸர்களின் எக்ஸ்86 வகை லிட்டில் எண்டியன் ஆயிற்றே, கடைசி பைட்டுதான் முதலில் வர வேண்டும். என் குட்டி ஸ்கிரிப்ட் இதைக் கோட்டைவிட்டது. ஹெடரில், அதாவது கோப்பின் தலைப்பகுதியில், பதிப்பு 1 இல்லை என்று கண்ட லோடர் சத்தமில்லாமல் தாண்டிப் போயிருக்கிறது.

இப்போதெல்லாம் சோதனையில் தேறாத பைனரியை என் ஸ்கிரிப்ட் பில்டுக்குள் விடாது. ஹெடர் 48 பைட்டு. அதில் சொல்லியிருக்கும் மொத்த அளவு கோப்போடு பொருந்த வேண்டும். டேட்டா அளவு பூஜ்யமாக இருந்தால் பதற வேண்டாம், அது பழைய வடிவம். மொத்தம் 2048 பைட்டு என்று பொருள். அப்புறம், எல்லா 32 பிட் எண்களையும் கூட்டி, மேலே வழிவதை விட்டுவிட்டால் பூஜ்யம் வர வேண்டும். ஒரே கோப்பில் பல அப்டேட்டுகள் ஒட்டியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. டேட்டா முடிந்த இடத்தில் கோப்பை வெட்டிவிடவும் கூடாது. அதன் பின்னால் கூடுதல் ப்ராசஸர்களுக்கான அட்டவணை இருக்கலாம்.

கூட்டல் சரியாக வந்தால் கோப்பு சிதையவில்லை, அவ்வளவுதான். உங்கள் ப்ராசஸருக்கானதா என்பது வேறு கேள்வி. கோப்புப் பெயரை நம்பி இறங்குபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெயர் ப்ராசஸரின் குடும்பம், மாடல், ஸ்டெப்பிங் (திருத்த எண்) மூன்றையும் சொல்லும். எந்தப் பிளாட்ஃபார்ம் வகைகளுக்கானது என்று குறிக்கும் பிளாட்ஃபார்ம் பிட்டுகளைச் சொல்லாது. அவற்றை ஹெடரில்தான் பார்க்க வேண்டும்.

ஏற்றியபின் பதிப்பெண்ணைப் படிப்பதிலும் ஒரு வரிசை உண்டு. ஹெக்ஸ் 8பி எண்ணுள்ள எம்எஸ்ஆரில் (ப்ராசஸருக்குள் இருக்கும் சிறப்புப் பதிவேடு) பூஜ்யம் எழுதி, ப்ராசஸரின் அடையாளம் கேட்கும் சிபியுஐடி கட்டளையை 1 என்ற எண்ணோடு ஓட்டி, அதன் பிறகே அந்த எம்எஸ்ஆரைப் படிக்க வேண்டும். நடுவில் உள்ள சிபியுஐடியை விட்டுவிட்டால், ஒழுங்காக ஏறிய மைக்ரோகோடும் பூஜ்யம் காட்டி உங்களை இன்னொரு அரை நாள் அலையவிடும்.