நொண்டும் வாத்தின் உள்ளங்காலைப் பாருங்கள்

அறுவடை முடிந்த வயலில் சிந்திய நெல்லைப் பொறுக்க வாத்துகளை ஓட்டிவிடுவது மியான்மரின் ஐராவதி ஆற்றுப் படுகையில் வழக்கம். சேற்றில் மேயும் வாத்துக்குக் காலில் அவ்வளவாகக் கோளாறு வராது. அதையே பின்கட்டுச் சிமெண்டுத் தரையில் அடைத்துப் போட்டால்தான் நொண்டல் தொடங்குகிறது.

வாத்தின் முன்விரல் மூன்றையும் மெல்லிய சவ்வு இணைக்கிறது. பின்விரல் சிறியது, ஒட்டாமல் தனியே நிற்கும். காலைப் பின்னுக்கு உதைக்கும்போது சவ்வு விரிந்து துடுப்பாகிறது. முன்னுக்கு இழுக்கும்போது விரல்கள் குவிவதால் தண்ணீர் தடுப்பதில்லை. முட்டைக்குள் இருக்கும்போது கோழிக்கும் விரலிடையே இந்தச் சதை உண்டு. கோழிக்கருவில் அந்தச் செல்கள் மடிந்து விரல்கள் பிரிகின்றன. வாத்துக்கருவில் கிரெம்லின் என்னும் புரதம் அந்த மடிவைத் தடுத்துவிடுகிறது.

நீர்க்காகத்துக்கும் கூழைக்கடாவுக்கும் நான்கு விரல்களும் சேர்ந்தே இருக்கும். முக்குளிப்பானுக்கும் நாமக்கோழிக்கும் ஒவ்வொரு விரலிலும் தனி மடல். நீர்நாய்க்கும் தவளைக்கும்கூடச் சவ்வு உண்டு. தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழிக்கோ சவ்வே இல்லை. உடல் எடையை இலைமேல் பரப்ப அதன் நீண்ட விரல்களே போதும்.

தண்ணீரைத் தள்ள அமைந்த பாதம் கல்லையும் கம்பியையும் தாங்காது. உள்ளங்காலில் சிறு கீறல் விழுந்தால் போதும், ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியா உள்ளே புகுந்துவிடும். முதலில் செம்மை, பிறகு வீக்கம், அதன்மேல் கறுத்த பொருக்கு. பறவையின் சீழ் நம் சீழைப் போல ஒழுகாது, கட்டியாக இறுகிவிடும். அதனால்தான் பிதுக்கி எடுக்க முடிவதில்லை. பொருக்கைக் கத்தியால் நோண்டவே நோண்டாதீர்கள். தொற்று தசைநாணுக்கும் எலும்புக்கும் இறங்கிவிடும்.

செம்மையாக இருக்கும்போதே கண்டுகொண்டால், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 9 கிராம் உப்புக் கலந்து, கையுறை போட்டுக் காலைக் கழுவுங்கள். ஈரம் ஒற்றி எடுத்து, போவிடோன் அயோடின் தடவி, உலர்ந்த வைக்கோலில் விடுங்கள். வீங்கிவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆன்டிபயாடிக் கொடுத்தால் முட்டையை எத்தனை நாள் தவிர்க்க வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

தரையில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு உமி பரப்புங்கள். மழைக்காலத்தில் முதலில் நசநசவென்று ஆவது தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிய இடம்தான். அங்கே மட்டும் உமியை அடிக்கடி மாற்ற வேண்டும். கம்பிவலைத் தரையானால் குஞ்சுகளுக்கு வலைக்கண் முக்கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது.

குஞ்சின் கால் வளைந்தால் தரையைக் குறை சொல்லாமல் தீவனத்தைப் பாருங்கள். வாத்துக்குஞ்சுக்குக் கிலோ தீவனத்தில் 55 மில்லிகிராம் நியாசின் (வைட்டமின் பி3) வேண்டும். கோழித்தீவனத்தில் அது குறையலாம். ஈஸ்ட் கலந்து கொடுத்தால் ஈடாகும்.