அழுக்கு கீபோர்டுக்குள் ஒரு ஸ்பிரிங்

பழைய கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கும் அமெரிக்க இணையச் சந்தைகளில் ‘பழைய கீபோர்டு, அழுக்கு, சோதிக்கவில்லை’ என்ற ஒற்றை வரியோடு சில சமயம் ஐபிஎம் நிறுவனத்தின் ‘மாடல் எம்’ கீபோர்டு ஒன்று கிடக்கும். மாடல் பெயரைப் போட்டு விற்றால் அதன் விலையே வேறு. உள்ளே இருப்பது விற்பவருக்குத் தெரியாமல், வாங்குபவருக்குத் தெரிந்திருந்தால் லாபம் வாங்குபவருக்குத்தான்.

சரி, உள்ளே என்ன இருக்கிறது?

ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை நிமிர்த்தி வைத்து மேல்முனையை அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் தாங்கும். ஓர் அளவைத் தாண்டியதும் சட்டென்று பக்கவாட்டில் வளைந்துவிடும். 18ஆம் நூற்றாண்டிலேயே கணிதமேதை ஆய்லர் தூண்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டிய விஷயம் இது. ஐபிஎம் பொறியாளர் ரிச்சர்ட் ஹண்டர் ஹாரிஸ் இதைக் கீபோர்டுக்குள் கொண்டுவந்தார். ஒவ்வொரு கீயின் அடியிலும் ஒரு சுருள் ஸ்பிரிங், அதன் காலில் சாய்ந்தாடும் சின்னப் பிளாஸ்டிக் துண்டு. கீயை அழுத்தினால் ஸ்பிரிங் முதலில் சுருங்கும், அப்புறம் பட்டென்று ஒருபக்கம் மடியும். மாடல் எம்மில் அந்த வேகத்தில் துண்டு சாய்ந்து கீழே உள்ள மெம்ப்ரேனை, அதாவது மின்தடங்கள் பதித்த மெல்லிய பிளாஸ்டிக் தாள்களை, அடிக்க, எழுத்து பதிவாகும். சத்தம், விரலில் தெரியும் துள்ளல், எழுத்துப் பதிவு மூன்றும் ஒரே கணத்தில் நடக்கின்றன. டைப் அடிப்பவர்கள் இதை விடாமல் தேடுவதற்கு இந்த ஒத்திசைவுதான் காரணம் என்பேன்.

1981இல் ஐபிஎம் பிசியோடு வந்த மாடல் எஃப்பில் மெம்ப்ரேன் கிடையாது. துண்டு அசையும்போது மாறும் மின்தேக்குத் திறனைச் சுற்று உணர்ந்துகொள்ளும். தொடுவதற்கு அதுதான் இன்னும் அருமை, ஆனால் மலிவாகச் சிக்குவது அபூர்வம். 1985இல் வந்த மாடல் எம் அதன் சிக்கன வடிவம். அமெரிக்காவின் லெக்சிங்டனிலும் ஸ்காட்லாந்தின் கிரீனக்கிலும் லட்சக்கணக்கில் செய்து குவித்தார்கள். அதனால்தான் இன்றும் ஆங்காங்கே அகப்படுகிறது.

விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது பின்பக்க லேபிளின் படம். மாடல் எம்மின் பரவலான வகையைக் குறிக்கும் 1391401 என்ற எண்ணும் தயாரிப்புத் தேதியும் தெரிந்தால் நல்லது. அடுத்து, ஒரு கீயைக் கழற்றிய படம். பல மாடல்களில் எழுத்துள்ள மேல்மூடி தனியாக வந்துவிடும். அடியில் உள்ள தண்டையும் எடுத்தால்தான் ஸ்பிரிங் கண்ணில் படும். இந்தப் படத்தை வாங்காமல் பணம் கட்டாதீர்கள், ஏனென்றால் அதே உறைக்குள் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் குமிழ் வைத்தும் விற்றிருக்கிறார்கள்.

அழுக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கீகள் பிபிடி பிளாஸ்டிக், எழுத்துச் சாயம் பிளாஸ்டிக்குக்குள் ஊறியிருக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் எழுத்து அழியாமல் பளிச்சென்று வந்துவிடும். ‘வேலை செய்யவில்லை’ என்று போட்டிருந்தாலும் உடனே ஒதுக்காதீர்கள். இது பேசுவது யூஎஸ்பிக்கு முந்தைய பழைய பிஎஸ்/2 இணைப்பின் மொழி. கம்பியை மட்டும் யூஎஸ்பிக்கு மாற்றி இணைக்கும் மலிவு அடாப்டரில் செருகினால் உயிரே இருக்காது. சிக்னலை மொழிபெயர்க்கும் சிப் உள்ள கன்வெர்ட்டர் வேண்டும்.

உண்மையான நோய் வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்பிரிங், மெம்ப்ரேன் அடுக்கை வளைந்த எஃகுத் தகட்டோடு இறுக்கிப் பிடிப்பவை பிளாஸ்டிக் ரிவெட்டுகள். வயதாக ஆக அவற்றின் தலைகள் உடைந்து விழும். பிடி தளர்ந்த இடத்தில் கீகள் சரியாகப் பதியாது. கீபோர்டை மெல்லச் சாய்த்துக் குலுக்கச் சொல்லுங்கள். உள்ளே கலகலவென்று துணுக்குகள் உருண்டால், பிரித்துத் துளையிட்டு போல்ட் போடும் வேலையையும் கணக்கில் சேர்த்து விலை பேசுங்கள்.