காவிரி டெல்டாவுல தோண்டுனா ஏன் சாமி சிலை வருது?

2023ல சீர்காழி சட்டைநாதர் கோயில்ல யாகசாலைக்கு மண்ணு தோண்டுனப்ப இருபதுக்கும் மேல ஐம்பொன் சிலை, நானூறுக்கும் மேல தேவாரச் செப்பேடு வந்துச்சுல்ல, உடனே ஆளாளுக்கு டெல்லி சுல்தானோட தளபதி மாலிக் காபூருக்கு பயந்து பொதைச்சதுன்னு சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க. இருக்கலாம். ஆனா அதை எப்படி கண்டுபிடிக்கிறதுன்னு யாரும் கேக்கல.

ஜெயிச்சவன் கதை ஈஸியா கிடைச்சிடும், கல்லுலயே வெட்டி வச்சிருக்கான். தாராசுரத்துல இருந்த ஒரு துவாரபாலகர், அதாவது வாசல் காவல் சிலை, இப்ப தஞ்சாவூர் அரண்மனை கலைக்கூடத்துல நிக்கிறார், "கலியாணபுரம் எறிந்து கொடுவந்த"ன்னு அதுலயே எழுதியிருக்கு, சோழன் சாளுக்கியர் தலைநகர அடிச்சு தூக்கிட்டு வந்தது. அப்புறம் 13ஆம் நூற்றாண்டுல மாறவர்மன் சுந்தரபாண்டியன் வந்து "தஞ்சையும் உறந்தையும் செந்தழல் கொளுத்தி"ன்னு, அதாவது சோழனோட தஞ்சாவூரையும் உறையூரையும் எரிச்சேன்னு, மெய்க்கீர்த்தில (கல்வெட்டுல வர்ற ராஜா புகழ்ப்பாட்டு) பெருமையா போட்டுக்கிட்டான். எரிஞ்ச தெருவுல இருந்த சனம் எங்க போச்சு? அந்த சனத்தோட பக்கத்த தேடணும்னா இந்த மாதிரி குழிங்களதான் பாக்கணும்.

ஆபத்து வந்தா சிலைய எப்படி மறைக்கணும்னு வைகானச ஆகமத்துலயே (பெருமாள் கோயில் பூஜை விதி நூல்) முறை இருக்கு: குழி வெட்டி, மணல் பரப்பி, படுக்க வச்சு, மறுபடி மணல் மூடணும். அப்படி ஒழுங்கா இருந்தா பொதைச்சவங்களுக்கு நேரம் இருந்திருக்கு, ஒண்ணு மேல ஒண்ணா கெடந்தா அவசரம்னு சந்தேகப்படலாம். திரும்ப யாரும் எடுக்கலன்னா இடம் தெரிஞ்சவங்க செத்திருக்கணும், இல்ல ஊர விட்டே போயிருக்கணும், எனக்கு இதுதான் ரொம்ப கஷ்டமா இருக்கும்.

தேதிக்கு ஒரு ரூல் உண்டு, குழியில இருக்கறதுலயே கடைசியா செஞ்ச பொருள் எதுவோ அதுக்கு அப்புறம்தான் குழிய மூடியிருக்கணும். திருவெண்காட்டுல 1951ல கிடைச்ச ரிஷபவாகனர் (சிவன் சிலை) 1011 வாக்குல செஞ்சவர்னு கல்வெட்டு சொல்லுது, ஆனா அது செஞ்ச வருஷம்தான், பொதைச்ச வருஷம் இல்ல. அதனால சிலைய மட்டும் வச்சு பாத்தா பாண்டியன் படையும் பொருந்தும், 1311 மாலிக் காபூரும் பொருந்தும், 1781ல நம்ம பக்கம் ஐதர் கலாபம்னு சொல்ற ஹைதர் அலி படையெடுப்பும் பொருந்தும்.

இதுல எதுன்னு பிரிக்க மணல் உதவும். மணல் துகள் கடைசியா எப்ப வெயில் பட்டுச்சுன்னு லேப்ல ஓரளவு கணக்கு போடலாம், மண்ணுக்குள்ள இருக்கற கதிர்வீச்சோட சக்தி வருஷா வருஷம் துகளுக்குள்ள சேர்ந்துக்கிட்டே இருக்கும், வெளிச்சம் பட்டா அது அழிஞ்சிடும். ஆனா நம்ம ஊர்ல ஜேசிபில சிலை தட்டுப்பட்டதும் வெளிய எடுத்து, கழுவி, பூ போட்டு கற்பூரம் காட்டிடறோம், பக்தி புரியுது, அதுக்குள்ள குழி மணலெல்லாம் வெயில்ல கொட்டிக் கிடக்கும். தாசில்தாருக்கு போன் போட்டுட்டு, தொல்லியல் ஆளுங்க வர்ற வரைக்கும் ஒரு தார்ப்பாய் போட்டு மூடி வச்சாலே போதும்.