மிக்சி ஜாரில் மாகா கிழங்கு

பெருவின் கூஸ்கோ நகரில் சான் பெத்ரோ சந்தை இருக்கிறது. உள்ளே போனால் வரிசையாகப் பழச்சாறுக் கடைகள். ஒவ்வொன்றிலும் பப்பாளி, அன்னாசி, மாம்பழம், ஆரஞ்சு எல்லாம் கோபுரமாக அடுக்கியிருக்கும். நடுவில் ஒரு அம்மா, கைக்கெட்டும் தூரத்தில் மிக்சி. தண்ணீர் விட்டு அடிப்பதா, பால் விட்டு அடிப்பதா என்பது நம் விருப்பம். கேட்டால் 'மாகா'வும் ஒரு கரண்டி சேர்ப்பார்கள். டம்ளர் காலியானதும் ஜாரில் மிச்சமிருப்பதைக் கொசுறாக ஊற்றித் தருவது அங்கே வழக்கம்.

அந்த மாகா இப்போது மாவாக டப்பாவில் அடைபட்டு நம் ஆன்லைன் கடைகள் வரை வந்துவிட்டது. இரும்புச்சத்து, புரதம், கால்சியம் எல்லாம் கொட்டிக்கிடப்பதாக விளம்பரம் சொல்கிறது. சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கிராம் உலர்ந்த மாகாவில் சுமார் 15 மில்லிகிராம் இரும்பும் 10 கிராம் புரதமும் உண்டு. ஸ்மூத்தியில் நாம் போடுவது ஒரு தேக்கரண்டி, ஏறக்குறைய 5 கிராம். அதில் கிடைக்கும் இரும்பு முக்கால் மில்லிகிராம், புரதம் அரை கிராம். ஒரு நாளைக்கு ஆண்களுக்கு 19, பெண்களுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர். ஆக, டம்ளரில் இருக்கும் சத்தெல்லாம் பழமும் பாலும் தருவதுதான். கிழங்கையே வேகவைத்துச் சாப்பிடும் மலைவாசிகளுக்கு மாகா உணவு. கரண்டியால் அளந்து போடும் நமக்கு அது நாட்டுமருந்துக் கடைச் சரக்கு வகையைச் சேர்ந்தது.

அந்தச் சரக்கு உருவாகும் விதம் சுவாரசியமானது. மத்திய பெருவில், ஹுனின் ஏரியைச் சுற்றியுள்ள 4,000 மீட்டருக்கு மேற்பட்ட மேட்டுச் சமவெளிதான் மாகாவின் சொந்த ஊர். பகலில் சுட்டெரிக்கும் வெயில், ராத்திரியில் உறைபனி, எந்நேரமும் காற்று. வேறெந்த உணவுப் பயிரும் விளையாத இடத்தில் இது விளைகிறது என்று 1653-இல் பாதிரியார் பெர்னபே கோபோ எழுதி வைத்தார். முள்ளங்கி, கடுகு, முட்டைகோஸ் எல்லாம் இதற்குப் பங்காளிகள். இலைகள் தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும்; அடியில் சின்ன டர்னிப் அளவில் மஞ்சள், சிவப்பு, கறுப்பு நிறங்களில் கிழங்கு.

பறித்த கிழங்கை உடனே மாவாக்குவதில்லை. வெட்டவெளியில் பரப்பி வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். ராத்திரி உறைகிறது, பகலில் உருகுகிறது, கொஞ்சம் காய்கிறது, மறுபடி உறைகிறது. பார்த்தால் வெறும் உலர்த்தல்தான். ஆனால் மாகாவின் வேதியியல் பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது.

பச்சைக் கிழங்கின் செல்களில் குளுக்கோசினோலேட் என்ற கந்தகச் சேர்மங்கள் ஓர் அறையிலும், அவற்றை உடைக்கும் மைரோசினேஸ் என்ற நொதி இன்னோர் அறையிலும் இருக்கின்றன. செல் உடையாதவரை இரண்டும் சந்திப்பதில்லை. முழுக் கடுகு சாதுவாக இருப்பதும், அரைத்த கடுகு மூக்கில் ஏறுவதும் இதே ஏற்பாட்டால்தான். மாகாவில் அதிகம் இருப்பது பென்சைல் வகைக் குளுக்கோசினோலேட். பப்பாளி விதையிலும் இதுவே இருக்கிறது. ஒன்றைக் கடித்துப் பாருங்கள், சுருக்கென்று கடுகுக் காரம் தெரியும். அதனால் ஸ்மூத்திக்குப் பப்பாளி நறுக்கும்போது விதையைச் சுத்தமாக வழித்துவிடுவது நல்லது.

உறைபனி செல் சுவர்களைக் கிழிக்கிறது. நொதியும் குளுக்கோசினோலேட்டும் கலக்கின்றன, காரப்பொருள் உருவாகிறது, அதிலிருந்து பென்சைலமீன் பிறக்கிறது. இன்னொரு பக்கம் கிழங்கிலுள்ள கொழுப்பு உடைந்து கொழுப்பு அமிலங்கள் தனியாகின்றன. இரண்டும் சேர்ந்தால் மாகமைடு. மாகாவுக்கே உரியவை என்று ஆய்வாளர்கள் தேடிப்போகும் இந்த மூலக்கூறுகள் பச்சைக் கிழங்கில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. காயக் காயத்தான் கூடுகின்றன. நம் மூளையில் இயல்பாகச் சுரக்கும் ஆனந்தமைடு என்ற பொருளை இவை அமைப்பில் ஒத்திருக்கின்றன. ஆனந்தமைடைச் சிதைக்கும் நொதியை இவை தடுப்பதைச் சோதனைக் குழாயில் பார்த்திருக்கிறார்கள். மனித உடலில் அவ்வளவு தூரம் நடக்கிறது என்பதற்கு அது சான்றாகாது.

மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் பலரும் மேற்கோள் காட்டுவது, குஸ்தாவோ கொன்சாலெஸ் குழுவினர் லிமாவில் நடத்தி 2002-இல் வெளியிட்டது. தினம் 1.5 கிராம் அல்லது 3 கிராம் மாகா கொடுத்ததில் ஆண்களின் பாலுணர்வு நாட்டம் சற்றுக் கூடியது. டெஸ்டோஸ்டிரோன் அளவோ மாறவில்லை. 'ஆண் ஹார்மோனைக் கூட்டும்' என்று டப்பாவில் போட்டிருந்தால் அதை நம்ப வேண்டாம். இந்தத் துறையில் நடந்த சோதனைகள் பெரும்பாலும் சிறியவை.

இனி சமையலறை. உலர்ந்த மாகாவில் மாவுச்சத்து நிறைய. பச்சை மாவை நேரே ஜாரில் போட்டால் நாக்கில் நறநறவென்று தட்டும், சிலருக்கு வயிறும் உப்பும். கேழ்வரகு மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பதற்கும் கூழாகக் காய்ச்சிக் குடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். சூட்டில் மாவுத் துகள்கள் நீரை உறிஞ்சி, வீங்கி, வெடித்துக் குழைகின்றன; செரிமான நொதிகள் அதன் பிறகுதான் எளிதாக உள்ளே புகும். மலையில் யாரும் பச்சையாகத் தின்பதில்லை. காய்ந்த கிழங்கை ஊறவைத்து, வேகவைத்துத்தான் சாப்பிடுகிறார்கள். கடையில் 'ஜெலாட்டினைஸ்டு' என்று விற்பது இதே வேலையை ஆலையில் வெப்பமும் அழுத்தமும் கொடுத்துச் செய்த மாவு. அதில் விலங்கு ஜெலட்டின் எதுவும் கிடையாது, சைவர்கள் பயப்பட வேண்டாம். சாதா மாவுதான் கையில் இருக்கிறதென்றால் ஒரு டம்ளர் பாலில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் பத்து நிமிடம் கிளறிக் கொதிக்க விடுங்கள். மால்ட் வாசனை வரும், பால் லேசாகக் கெட்டிப்படும். நன்றாக ஆறட்டும், சூடாக மிக்சியில் ஊற்றினால் ஆவி மூடியைத் தள்ளிவிடும், சமையலறைச் சுவரைத் துடைக்க வேண்டிவரும். பாலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மாகமைடுகளும், பப்பாளி, மாம்பழத்தின் கரோட்டின்களும் கொழுப்பில் கரைபவை. ஆடை நீக்கிய பால் என்றால் நாலைந்து வறுத்த வேர்க்கடலையைப் போடுங்கள். வேர்க்கடலையும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதான்.

எந்தப் பழம்? மிக்சி பிளேடு செய்வதும் உறைபனி செய்த அதே வேலை: செல்களை உடைத்து, பிரிந்திருந்தவற்றைச் சந்திக்க வைக்கிறது. நறுக்கிய வாழைப்பழத்தைக் கறுக்க வைக்கும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி, கூடவே அரைபடும் பெர்ரி, கோகோ போன்றவற்றிலுள்ள ஃபிளவனால் என்ற நன்மை தரும் தாவரச் சேர்மங்களையும் சிதைத்துவிடுகிறது. 2023-இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட குழு இதைச் சோதித்தது. வாழைப்பழ ஸ்மூத்தி குடித்தவர்களின் உடலில் சேர்ந்த ஃபிளவனால், மாத்திரையாக விழுங்கியதைவிட 84 சதவீதம் குறைவு. தனித்தனியாக வைத்து ஒரே நேரத்தில் குடித்தாலும் இழப்பு இருந்தது. வயிற்றுக்குள்ளும் நொதி வேலையைத் தொடர்கிறது போலும். இதற்காக வாழைப்பழத்தைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. மாகா, கோகோ, வாழைப்பழம் மூன்றையும் சேர்த்து அடிக்கும் பிரபலமான செய்முறையில் கோகோவின் நன்மை முழுதாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், அவ்வளவுதான்.

அன்னாசியில் வேறு தொல்லை. அதன் புரோமெலைன் நொதி பாலின் கேசீன் புரதத்தைத் துண்டுதுண்டாக வெட்டுகிறது. அந்தத் துண்டுகளில் சில கசக்கும். அடித்தவுடன் குடித்தால் தெரியாது. அரை மணி கழித்து ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தால் கசப்போடு திரிதிரியாகவும் இருக்கும். அன்னாசி என்றால் தண்ணீர் விட்டு அடிப்பதே மேல். பப்பாளியிலும் பாப்பைன் உண்டென்றாலும் பழுக்கப் பழுக்க அது குறைந்துவிடுகிறது. நன்கு கனிந்த பழம், ஆறிய மாகா பால், உடனே குடிப்பது என்றால் சிக்கலில்லை.

சுவைக்கு என் தேர்வு சப்போட்டா. பெருவில் மாகாவோடு அடிக்கடி சேரும் லூகுமா என்ற பழம் சப்போட்டா குடும்பத்தைச் சேர்ந்தது. கிழங்கின் மண்வாசனையும் முள்ளங்கி நெடியும் அந்தக் கருப்பட்டி இனிப்பில் அடங்கிவிடும். சர்க்கரையே வேண்டாம்.

அளவு ஒரு தேக்கரண்டி போதும். முதல் வாரம் அரை. தைராய்டு கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது, ஏனெனில் குளுக்கோசினோலேட்டின் சிதைவுப் பொருள்களில் சில தைராய்டின் அயோடின் பயன்பாட்டில் குறுக்கிடக்கூடியவை. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் சப்போட்டாவும் பாலும் மட்டும் போதும், மாகா வேண்டாம்.