ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்: யார் வந்து உதவ வேண்டும், எதைக் கேட்டு வாங்கலாம்

குழந்தை பிறந்த முதல் வாரத்திலேயே வீட்டில் யாராவது ஒருவர் "பிள்ளை அழுதுக்கிட்டே இருக்கு, பால் பத்தல போல" என்று ஆரம்பித்துவிடுவார்கள், மறுநாள் பவுடர் டப்பா வந்து இறங்கிவிடும். தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. அப்படியிருந்தும் 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் குடித்தவை இங்கே சுமார் 55 சதவீதம்தான். இந்தியச் சராசரியே கிட்டத்தட்ட 64. நாம் கோட்டை விடுவது வீட்டுக்கு வந்த பிறகுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்காக மத்திய அரசு 2016 ஆகஸ்டில் தொடங்கிய திட்டத்தின் பெயர் 'மா' (இந்தியில் அம்மா). கையில் பணம் தரும் திட்டம் இல்லை இது. ஆஷா எனப்படும் ஊர் சுகாதாரப் பணியாளர்கள் கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மார்களையும் ஊரில் ஓரிடத்தில் கூட்டிப் பேசுவது, செவிலியர்களுக்குப் பாலூட்டல் பயிற்சி கொடுப்பது, பிரசவ வார்டில் முதல் ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை மார்பில் போட வைப்பது, இவைதான் அதன் முக்கிய வேலை. தமிழ்நாட்டில் மலைப்பகுதிகள் போன்ற சில இடங்களைத் தாண்டி ஆஷா பணியாளர்கள் குறைவு என்பதால், மற்ற ஊர்களில் நீங்கள் தேட வேண்டியது கிராம சுகாதார செவிலியரையும் அங்கன்வாடி டீச்சரையும். அப்புறம் ஒன்று, கூட்டத்துக்குத் தாயை மட்டும் அழைப்பதால் பாதிப் பயன்தான். பவுடர் வாங்கலாமா வேண்டாமா என்று பல வீடுகளில் முடிவு செய்வது மாமியாரோ அம்மாவோதான், அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அடுத்து, வீடு தேடி வருவது. பச்சிளம் குழந்தைகளுக்கான வீட்டுப் பராமரிப்புத் திட்டத்தின்படி ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் சுகாதாரப் பணியாளர் பார்க்க வேண்டும். பால் கட்டிக்கொள்வது, காம்பு வெடிப்பது, பால் போதவில்லை என்ற பயம், எல்லாமே பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில்தான் வரும். வந்தவர் எடை பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாமல், "இப்ப பால் கொடுக்கிறேன், பிள்ளை சரியாப் பிடிக்குதான்னு பாருங்க" என்று உட்கார வையுங்கள். காம்பை மட்டும் சப்பினால் வலிக்கும், பாலும் வராது. வாய் நன்றாகத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கறுப்புப் பகுதியில் பெரும்பகுதி வாய்க்குள் போய், முகவாய் மார்பைத் தொட வேண்டும். முதல் வாரம் தாண்டிய குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் போய், எடையும் ஏறினால் பால் போதுகிறது என்று அர்த்தம். அழுகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

தாய்ப்பால் மட்டும் என்றால் சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், தேன், கிரைப் வாட்டர், கழுதைப்பால் எதுவும் கிடையாது. சித்திரை வெயிலிலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை, பாலிலேயே இருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் மட்டும் விதிவிலக்கு. சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விடாதீர்கள்.

தாய்க்குச் சாப்பாடு சலுகை இல்லை, சட்டப்படி உரிமை. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கர்ப்ப காலத்திலும், பிரசவத்துக்குப் பின் ஆறு மாதமும் அங்கன்வாடி மூலம் இலவச உணவு தர வேண்டும். இங்கே அது சத்துமாவாக வருகிறது. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவர்கள் அங்குள்ள அங்கன்வாடியில் பெயர் கொடுங்கள்.

பவுடர் விஷயத்தில் 1992-லேயே சட்டம் இருக்கிறது, 2003-ல் இன்னும் இறுக்கினார்கள். இரண்டு வயது வரையிலான குழந்தை உணவுக்கும் பால் புட்டிக்கும் விளம்பரம் செய்யக் கூடாது, தாய்க்கு இலவச சாம்பிள் கொடுக்கக் கூடாது, டப்பாவில் குழந்தைப் படம் போடக் கூடாது. விளம்பரம், சாம்பிள் தடையை மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். டிஸ்சார்ஜ் பையில் யாராவது சாம்பிள் டப்பா வைத்துக் கொடுத்தால் அது அன்பளிப்பு இல்லை, சட்ட மீறல். தாய்க்கு எச்.ஐ.வி. இருந்தாலோ, சில வகை மருந்துகள் எடுத்தாலோ என்ன செய்வது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வேலைக்குப் போகிறவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் சிக்கல். தனியார் நிறுவனங்களில் முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு உண்டு. அதில் எட்டு வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துவிட்டால் மீதி 18 வாரம், நாலு மாதம் சொச்சம்தான். உடம்பு ஒத்துழைத்தால் முன்னால் எடுப்பதைக் குறைத்துக்கொள்ளலாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை கேட்கலாம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும், நாளுக்கு நாலு முறை போய்ப் பார்க்க விட வேண்டும். தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாத விடுப்பு. வீட்டு வேலை, கட்டட வேலை செய்யும் பெண்களுக்கு நடைமுறையில் இந்த விடுப்பு எதுவுமே கிடைப்பதில்லை, மகப்பேறு விடுப்புச் சட்டத்தின் பெரிய ஓட்டை அதுதான்.

அவர்களுக்கும் உதவக்கூடியது பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போவது. கையைக் கழுவி, சுத்தமான எவர்சில்வர் கிண்ணத்தில் பீய்ச்சி மூடி வையுங்கள். வெளியில் நாலு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், கடும் வெயில் நாளில் அதற்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். ஃபிரிட்ஜில் ஒரு நாள் வைக்கலாம். அடுப்பில் சூடு பண்ணாமல் வெந்நீரில் கிண்ணத்தை வைத்து எடுத்து, புட்டியை விட்டுவிட்டுப் பாலாடையில் புகட்டச் சொல்லுங்கள். பயணத்தில் இருந்தால், 2015 முதல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் இருக்கின்றன. பூட்டியிருந்தால் நேரக்காப்பாளர் அறையில் சாவி கேளுங்கள். இரவில் சந்தேகம் வந்தால் 104-ஐ அழைக்கலாம்.