ரைஃபிள் மேல் பழி போடுவதற்கு முன்

படைவீரன் சுட்ட குண்டு குறியில் படாவிட்டால் முதல் குற்றவாளி ரைஃபிள்தான். காற்று, வெயில், பக்கத்தில் படுத்திருந்தவனின் இருமல், முந்தைய இரவின் பாரா எல்லாம் அடுத்தடுத்து வரும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற பழமொழி ஏதோ ஒரு ஃபயரிங் ரேஞ்சில்தான் பிறந்திருக்க வேண்டும். "இது இடது பக்கம் இழுக்கிறது உஸ்தாத்" என்று ஒருவன் புகார் சொல்வான். பயிற்சி கொடுக்கும் அந்த உஸ்தாத் பேசாமல் அதே ரைஃபிளை வாங்கிப் படுத்து ஐந்து குண்டுகள் சுடுவார். ஐந்தும் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கியிருக்கும்.

ஆயுதப் பயிற்சி அளித்து ஓய்வு பெற்றவன் நான். புதியவர்களின் குறியைப் பெரும்பாலும் கெடுப்பது, இதோ வெடிக்கப்போகிறது என்ற பதற்றம். மெல்ல அழுத்த வேண்டிய விசையை விரல் வெடுக்கென்று இழுக்கும், கண் மூடிக்கொள்ளும், தோள் முந்திக்கொண்டு தள்ளும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சுடுபவனுக்குத் தெரியாமல், மேகசினில், அதாவது தோட்டாக் கூட்டில், நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு போலித் தோட்டாவை நுழைத்துவிடுவோம். அதன் முறை வரும்போது 'டிக்' என்ற ஓசைதான் எழும். ஆனாலும் குழல்முனை பணிவாக மண்ணைப் பார்த்துக் குனியும். வெடிக்காத குண்டுக்கு அதிர்ந்தவனைப் பார்த்து வரிசையே சிரிக்கும். அன்றோடு ரைஃபிள் மீதான புகார் நின்றுவிடும்.

சிரித்தாலும், அந்த அதிர்ச்சியில் நியாயம் இருக்கிறது. திடீர் வெடிச்சத்தத்துக்குப் பாதுகாப்பு எல்லையாக 140 டெசிபலைச் சொல்வார்கள். ராணுவ ரைஃபிளின் ஓசை 150-ஐத் தாண்டும். உள்காதில் உள்ள நுண்மயிர் செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. வலது தோளில் வைத்துச் சுடுபவருக்கு இடது காதுதான் அதிகம் அடிபடும், ஏனெனில் அதுவே குழல்முனைப் பக்கம் திரும்பியிருக்கிறது. முன்னாள் வீரர்கள் கூடும் இடத்தில் கவனித்துப் பாருங்கள், கைபேசி வலது காதிலேயே ஒட்டியிருக்கும். உஸ்தாத் கத்துவது கண்டிப்பினால் என்று நினைத்திருந்தோம். பலருக்குக் காது கேட்காததுதான் காரணம்.

என்.சி.சி. மாணவர்கள் .22 ரைஃபிள் சுடப்போகும்போது காதில் பஞ்சு அடைத்துக்கொள்கிறார்கள். பஞ்சு போதாது. நுரை அடைப்பானை விரல்களால் மெலிதாக உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது வெறும் அலங்காரம். போட்டால் உத்தரவு கேட்காதே என்று சிலர் தயங்குவார்கள். உஸ்தாத்தின் குரலைத் தடுக்கும் அடைப்பானை நான் பார்த்ததில்லை. சத்தம் குறைந்தால் பதற்றமும் குறையும், குண்டுகள் நெருங்கி விழத் தொடங்கும்.

சுட்ட பிறகு காதில் 'ங்ங்' என்ற ரீங்காரம் மறுநாளும் நிற்காவிட்டால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் செல்லுங்கள். திடீரென்று கேட்காமல் போனால் அன்றே சென்றுவிடுங்கள். "ரேஞ்சுக்குப் போனால் அப்படித்தான் இருக்கும்" என்று ஆறுதல் சொல்லும் சீனியருக்கு எந்தக் காது கேட்கவில்லை என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.