பாறையை மேயும் இரும்புப் பற்கள்

வியட்நாமின் ஹா லோங் விரிகுடாவுக்குப் போய்வந்த வெள்ளவத்தை வாசகி ஒருவர், உல்லாசப் படகின் மேல்தட்டிலிருந்து எடுத்த படமொன்றை அனுப்பியிருந்தார். கடலுக்குள் செங்குத்தாக நிற்கும் குன்று, நீர்மட்டத்தில் மட்டும் சுற்றிவர உள்வாங்கிக் காளான் தண்டு போல மெலிந்திருக்கிறது. "அலை அரித்தது என்கிறார்கள். ஆனால் அங்கே குளம் போலத்தானே தண்ணீர் கிடந்தது?" என்று கேட்கிறார். நல்ல கேள்வி.

குன்றுகள் உருவான கதை சாதாரண தரத்தில் படித்ததுதான். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிச் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கிறது. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைக் கொதிக்கவைத்தால் கேத்திலின் உள்ளே வெள்ளையாகப் படிவது அப்படிக் கரைந்து வந்த கல்தான். கோடிக்கணக்கான ஆண்டுகள் கரைந்து, கரையாத மிச்சம் குன்றுகளாக நின்றது. 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்வு. அப்போது அந்த விரிகுடா தரை. பிறகு பனி உருகிக் கடல் ஏற, குன்றுகள் 1,600 அளவிலான தீவுகளாயின.

சரி, அந்த இடுப்பு? வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பு நீரில் ஏற்கெனவே கல்சியம் காபனேற்று நிறைந்திருப்பதால், அது மேலும் கல்லைக் கரைப்பது அரிது. அலையும் இல்லை. இப்படியான கரைகளில் பெரும்பங்கு வேலையைச் செய்வது வாய்கள்!

நுண்ணிய நீலப்பச்சைப் பாசிகள் வெயிலுக்கும் வறட்சிக்கும் தப்பக் கல்லுக்குள்ளேயே துளைத்துக் குடியிருக்கும். அவற்றைத் தின்ன வரும் நத்தைகளும் அவற்றின் உறவான மெல்லுடலிகளும் கல்லையும் சேர்த்தே சுரண்டவேண்டும். அந்த மெல்லுடலிகளில் எனக்கு மிகப் பிடித்தது கைட்டன். முதுகில் எட்டு ஓடுகள், வாய்க்குள் அரம் போன்ற நாக்கு, அதில் வரிசை வரிசையாகப் பற்கள். அந்தப் பற்களின் முனை மக்னடைட், அதாவது காந்தம் இழுக்கும் இரும்பு ஒட்சைட்டு! கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் சுண்ணாம்புக்கல்லுக்கு 3 என்றால் இதற்கு ஏறக்குறைய 6. முன்வரிசை தேய்ந்து விழ, பின்னால் புதுவரிசை முளைத்துக்கொண்டே வரும். முளைக்கும் பல் முதலில் வெறும் மென்மையான சட்டம். இரத்தம் கொண்டுவரும் இரும்பு அதில் படிந்து, மெல்ல மெல்லக் காந்தக்கல்லாக மாறுகிறது. மக்னடைட் உருவாக எரிமலைப் பாறையின் சூடு வேண்டும் என்றே நம்பியிருந்தார்கள். உலையும் இல்லாமல், சாதாரணக் கடல்நீரின் சூட்டில், ஓர் உயிரி அதைச் செய்கிறது என்று 1962இல் புவி அறிவியலாளர் ஹைன்ஸ் லோவன்ஸ்டாம் காட்டினார்.

"நத்தைப் பல்லை ஆராய்ந்து என்ன பயன்?" என்று கேட்பவர்களிடம் நிதி ஒதுக்கும் பேனா இருப்பது எனக்குக் கவலை. தேய்மானம் தாங்கும் பொருள்களைத் தேடும் பொறியியலாளர்கள் இன்று இந்தப் பல்லைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள். வானிலிருந்து இறங்கிய டிராகன் உமிழ்ந்த மணிகளே தீவுகளாயின என்ற வியட்நாமியக் கதை அழகானது, சொல்லட்டும். ஆனால் பிள்ளைகளுக்குக் கைட்டனையும் சொல்லவேண்டும்.

இந்த மேய்ச்சல் கடல் ஏறி இறங்கும் பட்டைக்குள்தான் மும்முரம். அதனால்தான் வெட்டும் அங்கேயே விழுகிறது. ஹா லோங்கில் பெருக்கு நாளுக்கு ஒருமுறைதான் வரும். வற்றும் நேரத்தில் படகு போனால் இடுப்பு முழுவதும் தெரியும். வாசகிக்கு ஒன்று: யாழ்ப்பாணத்துக் கீரிமலைப் பக்கக் கரையும் சுண்ணாம்புக்கல்தான். அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது, கடல் வற்றியிருக்கையில் கல் இடுக்குகளைப் பாருங்கள். எட்டு ஓட்டோடு நீள்வட்டமாக ஏதாவது ஒட்டியிருந்தால் நெம்பி எடுக்காதீர்கள். இருட்டிய பிறகு டோர்ச்சோடு வாருங்கள். பெரும்பாலும் அப்போதுதான் அது மேயக் கிளம்பும்.